தயாப் மொழி குறித்து கபுன் ஊர்ப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களே,

இந்த ஆண்டுச் சேர்க்கைப் படிவங்களைப் பார்த்தேன். ‘வீட்டில் பேசும் மொழி’ என்ற இடத்தில் கபுன் ஊரார் அனைவரும், நம் பாப்புவா நியூ கினி நாட்டின் பொதுமொழியான டோக் பிசின் என்றே எழுதியிருக்கிறீர்கள். உள்ளதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அது மனத்தை உறுத்துவதால் இதை எழுதுகிறேன்.

செபிக், ராமு ஆறுகளுக்கு இடைப்பட்ட இந்தச் சதுப்புக் காட்டில், உங்கள் ஊருக்கே உரியது தயாப். அதற்கு இன்னதுதான் உறவுமொழி என்று ஆய்வாளர்களால் காட்ட முடியவில்லை. 1980களின் நடுவில் மானிடவியலாளர் டான் குலிக் உங்கள் ஊரில் தங்கி ஆராய்ந்தபோதே அதைப் பேசியவர்கள் நூற்றுக்கும் குறைவு. இப்போது ஐம்பது பேர்கூட இல்லை. ஊர் சிறியது என்பதை இதற்குக் காரணமாகச் சொல்லாதீர்கள். உங்கள் முன்னோர் காலத்திலும் ஊர் சிறியதுதான். மொழி தழைத்தே இருந்தது.

“பிள்ளைகள் பிடிவாதக்காரர்கள், தயாப் பேச மறுக்கிறார்கள்” என்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. சவ்வரிசிப் பனை மாவைப் பிழிந்துகொண்டே ஒரு தாய் தன் அக்காவிடம் தயாப்பில் பேசுகிறாள். குழந்தை கத்தியை எடுக்கிறது. “கீழே போடு” என்று தயாப்பில் ஒருமுறை அதட்டுகிறாள். குழந்தை அசையவில்லை என்றதும் அதையே டோக் பிசினில் சொல்கிறாள். சற்றுப் பொறுத்தால் தெரிந்த மொழியில் வரும் என்றால், குழந்தை எதற்காகத் தயாப்புக்குக் காது கொடுக்க வேண்டும்?

காதில் விழுந்தது வீண்போகவில்லை என்பதும் உண்மை. அன்றாடம் தயாப்பே பேசாத இளைஞர்கள் சிலர், குலிக் கேட்டபோது அதில் கதை சொல்லியிருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் கூச்சம். தயாப்பில் நீண்டு மெலிந்த பொருள் ஆண்பால், குட்டையாகப் பருத்தது பெண்பால் என்ற கணக்கில் பிசகினால் பெரியவர்கள் சிரித்துவிடுகிறீர்கள். தயவுசெய்து சிரிக்காதீர்கள். சரியாக நீங்கள் சொல்லிக் காட்டினால் போதும்.

வகுப்பு ஆங்கிலத்தில்தான் நடக்கும். 2013 முதல் அரசின் கொள்கை அது. டோக் பிசினைப் பிள்ளைகள் படகுத்துறையிலும் சந்தையிலும் தாமே பிடித்துக்கொள்வார்கள். தயாப்புக்கு உங்கள் வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது.

வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் கதை சொல்லப் பாட்டிமாரையும் தாத்தாமாரையும் பள்ளிக்கு அழைக்கிறோம். ஆனால் கைக்குழந்தை இருக்கும் வீடுகளைத்தான் நான் பெரிதும் நம்பியிருக்கிறேன். சோற்றுக்குக் கூப்பிடுவதும் அதட்டுவதும் தாலாட்டுவதும் தயாப்பிலேயே இருக்கட்டும். குழந்தை டோக் பிசினில் பதில் சொன்னாலும் நீங்கள் மாற வேண்டாம். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், எந்தெந்த வீடுகள் இதற்குத் தயார் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்