லைப்ரரி பீரோவை முதலில் திறந்துவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் புத்தகமே தொடுவதில்லை என்று புலம்பும் பெற்றோர்கள், பள்ளியில் லைப்ரரி பீரியட் எப்படி நடக்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். பெங்களூரில் என் மகள் படிக்கும் பள்ளியில் போன வருடம் வரை ரோல் நம்பர் வரிசையில் ஆளுக்கொரு புத்தகத்தைக் கையில் திணிப்பார்கள், அடுத்த வாரம் வாங்கிக்கொள்வார்கள், கிழிந்திருந்தால் ஃபைன். மூன்றாம் வகுப்புக் குழந்தையிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் அதற்கு எப்படித் தெரியும், நாலு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால்தானே?

இந்த வருடம் வந்த டீச்சர் பீரோவைக் காலி செய்து மேஜைகளில் பரப்பிவிடுகிறார். ஒன்றில் விலங்குகள், ஒன்றில் பேய்க்கதை, ஒன்றில் விடுகதையும் கணக்குப் புதிரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிப்பார், எழுந்து அடுத்த மேஜைக்குப் போக வேண்டும். பந்தியில் எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்துப் பார்ப்பது போலத்தான். அட்டையைப் பார், முதல் பக்கத்தைப் படி, பிடிக்கவில்லையா, வைத்துவிடு, யாரும் திட்ட மாட்டார்கள். பிடித்ததன் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டால் அதுதான் அந்த வாரம் வீட்டுக்கு வரும். சத்தம் கொஞ்சம் அதிகம், பக்கத்து வகுப்பில் முணுமுணுக்கிறார்களாம், அது போகட்டும்.

இதெல்லாம் புதிதும் இல்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். புத்தகம் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான புத்தகம் என்பது இரண்டாவது. 1962-இல் நூலக அறிவியலுக்கு இதே பெங்களூரில் பயிற்சி மையம் தொடங்கி, கடைசிக் காலம் வரை இங்கேயே வாழ்ந்தவர். அவர் ஊரில் கிழிந்துவிடும் என்று பயந்து பூட்டி வைப்பதா? கிழிந்தால் செலோடேப் இருக்கிறது.

எனக்கு ஒரே குறை, அந்த மேஜைகளில் தமிழ் இல்லை. இங்கே நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவதில் வெளுத்து வாங்குவார்கள், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னால் விழிப்பார்கள், பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும்தானே. இந்த ஊர்க் குழந்தைகள் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் ஒரே கதை தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், முதல் நிலைக் கதைகளில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படம் ஒன்றே என்பதால், கன்னடத்தில் படித்ததை வைத்தே தமிழ் வரியைப் பிள்ளைகள் பிடித்துவிடுவார்கள். பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், வைக்கிறேன் என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அப்புறம், அல்சூர் தமிழ்ச் சங்கத்தில் நல்ல நூலகம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அங்கேயும் இப்படிச் செய்யலாமே. மேஜை தூக்க நாங்கள் சில பெற்றோர் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு