குளத்தில் நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களை வெட்டாமல் விட்டுவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பெரியகுளம் பாசன விவசாயிகள், ஊர்ப் பொதுமக்கள்,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: சீமைக் கருவேல் அகற்றும் பணியில் பறவைகள் கூடு கட்டும் நாட்டுக் கருவேல மரங்களைக் காக்க வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் பெரியகுளத்தின் உள்வாயில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலை வேரோடு அகற்றும் பணி வரும் கோடையில் தொடங்கவிருப்பதாக அறிகிறோம். அதை நாங்கள் எதிர்க்கவில்லை. மடைக்குப் போகும் வழியைக்கூட முள்ளால் அடைத்துவிட்ட அந்த மரம் ஒழிய வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டதே நாங்கள்தான். அதோடு சேர்த்து நாட்டுக் கருவேலும் போய்விடுமோ என்பதே எங்கள் கவலை.

இது வெறும் ஐயம் அன்று. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர்க் குளத்தில் இதே பணிக்கு வந்தவர்கள், மே மாதத்தில், பொக்லைன் கொண்டு இரண்டு வகை மரங்களையும் ஒன்றாகவே சாய்த்தார்கள். சாய்ந்த ஒரே மரத்தில் ஒன்பது கூடுகளை எண்ணினோம். இறகு முளைக்காத நீர்க்காகக் குஞ்சுகள் சேற்றில் கிடந்தன.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. நாட்டுக் கருவேலின் காய் மணி கோத்தாற்போல இடையிடையே சுருங்கித் தொங்கும். பூ மஞ்சள் உருண்டை. சீமைக் கருவேலின் பூவோ கதிர்போல நீண்டிருக்கும். மாதக்கணக்கில் தண்ணீரில் நின்றாலும் நாட்டுக் கருவேல் தாங்கும் என்பதாலும், சுற்றிலும் நீர் நிற்கும்போது நாயும் பூனையும் அண்டாது என்பதாலும், நாரையும் கூழைக்கடாவும் அதில் கூடு கட்டுகின்றன.

1994ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் இடம்பெற்ற கூந்தன்குளம் எங்கள் வட்டத்தில்தான் உள்ளது. தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் அந்த ஊரார் காத்துவரும் பறவைகள், குஞ்சுகளுக்கு இரை தேடிச் சுற்றுவட்டாரப் பாசனக் குளங்களுக்கே வருகின்றன. கூட்டைக் காத்துவிட்டு இரை கிடைக்கும் குளத்தைக் கைவிட்டால் குஞ்சு பட்டினிதான் கிடக்கும். 2011 முதல் நடந்துவரும் தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்புக்கு வருவோர் ஜனவரியில் குளம் குளமாக ஏறி இறங்குவதும் இதனால்தான். எங்களுக்கும் இதில் ஆதாயம் உண்டு என்பதை மறைக்கவில்லை: குளம் வற்றியபின், பறவை எச்சம் ஊறிய அந்த மரத்தடிக் கரம்பை மண்ணை அள்ளித்தான் வயலுக்கு அடிக்கிறோம்.

ஆகவே, பணி தொடங்குமுன் வனத்துறையினரும் நீர்வளத்துறையினரும் கூட்டாகக் குளத்தைப் பார்வையிட்டு, நாட்டுக் கருவேல மரங்களுக்குப் பெயிண்டால் அடையாளமிடவும், அவற்றைத் தொடக்கூடாது என்பதை ஒப்பந்த நிபந்தனையிலேயே சேர்க்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறோம். குஞ்சுகள் பறந்தபின், ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையே வேலையை வைத்துக்கொண்டால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடலாம். பெயிண்டுச் செலவை ஊரே ஏற்கும். மரங்களை அடையாளம் காட்ட வயல்களுக்குத் தண்ணீர் பகிர்ந்துவிடும் எங்கள் நீர்ப்பாய்ச்சி உடன் வருவார்.

இப்படிக்கு,
பெரியகுளம் பாசன விவசாயிகள், ஊர்ப் பொதுமக்கள்