பிள்ளைகள் கையில் கப்பல் கார்டு

அன்புள்ள கோமு,

உன் குரல் செய்தி வந்தது. டிசம்பர் லீவில் பிள்ளைகள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு டர்பனிலிருந்து கப்பல் ஏறப் போகிறாய் என்றதும் எனக்கே டிக்கெட் கிடைத்த மாதிரி சந்தோஷம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கப்பல் புறப்படுகிற அன்றைக்குக் காலையில் ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து காரை எடுக்காதே. டிசம்பரில் என்3 சாலையின் நிலைமை உனக்கே தெரியும், வான் ரீனன் கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் அவ்வளவுதான், கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது. முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிடு. இங்கிருந்து துறைமுகம் அரை மணி நேரம்தான், மண்டேலா பேரில் புதிதாகக் கட்டியிருக்கிறார்களே அந்த டெர்மினல், பாயிண்ட் பக்கம், நானே கொண்டுபோய் விடுகிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலி இருந்தாலும் போன சனிக்கிழமை விக்டோரியா தெரு மார்க்கெட்டுக்குத் தானே வந்து மிளகாய்த்தூள் கலக்கச் சொல்லி நின்று வாங்கினார். நீ வருகிறாய் என்று சொன்னதிலிருந்து என்ன சமைக்கலாம் என்பதே பேச்சு.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகள் கையில் ரூம் கார்டைக் கொடுக்கலாமா, பெரியவள் பாட்டுக்குத் தேய்த்துத் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாய். கப்பலில் ஆளுக்கு ஒரு கார்டு கொடுப்பார்கள், குழந்தையானாலும் சரி. அந்த ஒரே கார்டு மூன்று வேலை பார்க்கிறது. கேபின் கதவைத் திறக்கும், கப்பலை விட்டு இறங்கவும் ஏறவும் அதுதான் அனுமதிச் சீட்டு, கடையிலும் பாரிலும் காசுக்குப் பதில் அதுதான். பிள்ளைகளின் கார்டெல்லாம் நீ கொடுக்கிற கிரெடிட் கார்டோடு, உன் கணக்கோடுதான் சேர்ந்திருக்கும். இந்த மூன்றில் முதல் இரண்டும் பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும். மூன்றாவதை மட்டும் தனியாக நிறுத்தி வைக்கலாம். நாங்கள் கப்பலில் போனபோது, கார்டையே பிடுங்கித் தங்கள் பைக்குள் போட்டுக்கொள்கிற பெற்றோரை நிறையப் பார்த்தேன், அதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை பாத்ரூம் போக வேண்டுமென்றால்கூட அம்மாவைத் தேடி ஐந்து டெக் ஏறி இறங்க வேண்டுமா? சாவியைக் கொடு, பணப்பையை மட்டும் மூடு.

அதற்கு வழி எளிது. ஏறிய அன்றைக்கே ரிசப்ஷனுக்குப் போய், இன்னின்ன பிள்ளைகளின் கார்டில் செலவை நிறுத்திவிடுங்கள், இவளுக்கு மட்டும் இவ்வளவு வரைக்கும் விடுங்கள் என்று சொன்னால் கம்ப்யூட்டரில் மாற்றித் தருவார்கள். சில கப்பல்களில் ஆப்பிலேயே செய்யலாம். முதல் நாள் சாயங்காலம் அங்கே வரிசை நீளமாக இருக்கும் என்று மறுநாளைக்குத் தள்ளாதே. பிள்ளைகள் வீடியோ கேம் அறையைக் கண்டுபிடிப்பது அந்த முதல் நாள் சாயங்காலத்தில்தான். அங்கே மிஷினில் கார்டைத் தட்டினால் போதும், எண்ணித் தர நாணயம் கிடையாது, தீர்ந்துபோகிற ஒன்றும் கையில் கிடையாது. அதனால் எவ்வளவு போயிற்று என்று பிள்ளைக்கு உறைப்பதே இல்லை. எங்கள் பக்கத்துக் கேபினில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இரண்டாவது நாளே அவனுடைய அப்பாவைத் தலையில் கை வைக்க வைத்துவிட்டான். அவனை என்ன குற்றம் சொல்ல முடியும், யாருமே அவனுக்குச் சொல்லவில்லையே.

இன்னொன்று டாலர் கணக்கு. எங்கள் கப்பலில் எல்லா விலையும் அமெரிக்க டாலரில்தான் போட்டிருந்தது. ஐந்து டாலர் என்று பார்த்தால் பிள்ளைக்கு அது ஐந்துதான். ஒரு டாலர் நம் காசில் 18 ராண்ட் என்று வைத்துக்கொள், 90 ராண்ட் ஆகிவிட்டது. அதன் மேல் சேவைக் கட்டணம் வேறு, பல கப்பல்களில் அது 15 முதல் 20 சதவீதம் வரை. ஆக ஒரு ஜூஸ் நூறு ராண்டைத் தாண்டுகிறது. மூன்று பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று குடித்தால் 300 ராண்டுக்கு மேல், அந்தக் காசுக்கு நாம் வீட்டில் எத்தனை பேருக்குச் சமைப்போம். பஃபேயில் தண்ணீரும் சாப்பாடும் டிக்கெட்டிலேயே அடக்கம், அதே டெக்கில் பத்தடி தள்ளி இருக்கிற ஐஸ்கிரீம் கவுண்டர் காசுக்கு. பெரியவர்களுக்கே எது இலவசம் எது இல்லை என்று குழப்பும். முதல் நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சுற்று நடந்து, இங்கே சும்மா எடுக்கலாம், இங்கே என்னைக் கேட்க வேண்டும் என்று கையைக் காட்டிச் சொல்லிவிடு.

உன் பெரியவளைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல நினைக்கிறேன். பதினைந்து வயசு. அவளுடைய கார்டையும் தம்பிகளுடையதைப் போலவே முழுக்க மூடிவிட்டால் அவளுக்கு அது பெரிய அவமானம், நான்கு நாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், அது அவள் தப்பு இல்லை. என் மகளுக்கு நான் மொத்தப் பயணத்துக்கும் இவ்வளவு என்று ஒரு வரம்பு போட்டுவிட்டு, எதில் செலவழிக்கிறாய் என்று கேட்க மாட்டேன், ஆனால் ராத்திரி படுக்கப் போகும் முன் கேபின் டிவியில் கணக்கைத் திறந்து நீயேதான் பார்க்க வேண்டும் என்றேன். கணக்கு வரிவரியாக வரும், எந்த இடம், எத்தனை மணி, எவ்வளவு என்று. முதல் ராத்திரி பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காபி கவுண்டரில் என்னோடு நின்றவள், மேலே எழுதியிருந்த விலையைப் பார்த்து உதட்டுக்குள்ளேயே பதினெட்டால் பெருக்கினாள், பெருக்கி முடித்துவிட்டு, வேண்டாம்மா, மேலே பஃபேயிலேயே குடித்துக்கொள்ளலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மிச்சம் வைத்த காசில் கடைசி நாள் பாட்டிக்கு ஒரு ஸ்கார்ஃப் வாங்கினாள். நான் பக்கம் பக்கமாகப் பேசியிருந்தாலும் இது நடந்திருக்காது, கோமு. அவளை நம்பு. கணக்கை அவளே பார்க்கட்டும்.

தினமும் ஜூஸ் கேட்பார்கள் என்று தெரிந்தால் பிள்ளைகளுக்கென்று மதுபானம் சேராத பானங்களுக்கான பேக்கேஜ் இருக்கும், விலையைப் பார்த்து முன்பே வாங்கிவிடலாம். ஆனால் பேக்கேஜ் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான். அண்ணன் கார்டில் தம்பி வாங்கினால் பிடித்துவிடுவார்கள், அதைச் சின்னவனுக்குப் புரிகிற மாதிரி சொல்லி வை.

சாவி விஷயத்தில் எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம்தான், அதனால் நிறையச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். கார்டில் பேர் இருக்கும், கேபின் எண் பெரும்பாலும் இருக்காது. காரணத்தோடுதான் அப்படி வைத்திருக்கிறார்கள், தொலைந்த கார்டை எடுத்தவன் எந்தக் கதவு என்று தெரிந்துகொள்ளக் கூடாது. நாமே பேனாவால் எண்ணை எழுதி அதைக் கெடுக்கக் கூடாது. பிள்ளைகள் எண்ணை மனப்பாடம் செய்யட்டும், லிஃப்டில் சத்தமாகச் சொல்லாமல் இருக்கட்டும். தொலைந்தால் உடனே வந்து சொல், திட்ட மாட்டேன் என்று முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடு. திட்டுக்குப் பயந்து ஒரு மணி நேரம் மறைத்தால் அந்த ஒரு மணி நேரமும் கார்டு வேறு யார் கையிலோ இருக்கிறது. ரிசப்ஷனில் சொன்னால் பழையதை முடக்கிப் புதிது அடித்துத் தருவார்கள். கழுத்தில் மாட்ட நாடா இங்கேயே வாங்கி வைக்கிறேன், கார்டில் ஓட்டை போட அங்கே மிஷின் இருக்கும். நீயாகக் குத்தாதே, உள்ளே சிப் இருந்தால் போய்விடும். காந்தப் பட்டை கார்டாக இருந்தால் போன் கவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, செத்துவிடும்.

கதவுக்குப் பக்கத்தில் கார்டைச் செருகினால்தான் விளக்கு எரியும் என்று சில கப்பல்களில் ஒரு பெட்டி இருக்கும். பிள்ளைகள் தங்கள் கார்டை அதில் செருகி மறந்துவிட்டு ஓடிவிடுவார்கள், கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். நாங்கள் ஒரு பழைய சூப்பர்மார்க்கெட் அட்டையை அதில் செருகி வைத்தோம், எரிந்தது. அப்புறம் அந்த நடைபாதை! இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே கம்பளம், முன்பக்கமா பின்பக்கமா என்று எனக்கே தெரியவில்லை. கேபின் கதவு இரும்பு, காந்தம் ஒட்டும். உன் சின்னவனை ஒரு கோலமோ மயிலோ வரையச் சொல்லி, நான்கு காந்தத்தோடு எடுத்து வா. பேர் மட்டும் எழுத வேண்டாம்.

இரண்டு கேபின் எடுத்திருக்கிறாய் என்றால், உன் கார்டு பிள்ளைகள் கேபினையும் திறக்கும்படி மாற்றித் தரச் சொல்லிக் கேள், பெரும்பாலும் செய்து தருவார்கள். நள்ளிரவில் சின்னவன் அழுதால் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. பிள்ளைகள் கிளப்பில் சேர்க்கும்போதும் கேள், எத்தனை வயதுப் பிள்ளை தானே கையெழுத்துப் போட்டு வெளியே வரலாம், யார் வந்தால் அனுப்புவீர்கள் என்று. ஈஸ்டரில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போகும்போது, தொலைந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டுத்தானே உள்ளே போவோம், கப்பலிலும் ஏறிய உடனே அப்படி ஓர் இடம் பேசி வைத்துக்கொள்.

மொசாம்பிக்கின் போர்த்துகீஸ் தீவில் இறங்கும் அன்றைக்கு மட்டும் எல்லாக் கார்டையும் நீயே வைத்துக்கொள்ளலாம், மணலில் விழுந்தால் யார் தேடுவது. திரும்பி ஏறும்போது ஒவ்வொருவர் கையிலும் கொடு. கார்டைத் தட்டினால் காவலரின் திரையில் பிள்ளையின் போட்டோ வரும், என் சின்னவன் ஒவ்வொரு தடவையும் எட்டிப் பார்த்து அந்தப் போட்டோவைப் போலவே முகத்தை வைத்துக் காட்டுவான்.

கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்காதே. அவர்கள் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்கள், பயணம் முடிந்து பல நாள் கழித்துத்தான் பேங்க் விடுவிக்கும், ஜனவரியில் பள்ளிச் செலவு வருகிற நேரத்தில் அது பெரிய இடைஞ்சல். தினப்படி டிப்ஸ் ஒவ்வொருவர் பேரிலும் ஏறும், அது டிக்கெட்டில் சேர்ந்திருக்கிறதா என்று இப்போதே பார். எங்கள் கணக்கில் கடைசி ராத்திரி யாருமே வாங்காத மில்க்‌ஷேக் ஒன்று இருந்தது. இறங்குவதற்கு முன்பே போய்ச் சொன்னதால், நாங்கள் கையெழுத்துப் போட்ட சீட்டு அவர்களிடம் இல்லை என்று பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். ஊருக்கு வந்தபின் கேட்டிருந்தால் மெயில் மேல் மெயில் போட்டுக்கொண்டிருப்போம்.

பிள்ளைகளின் அப்பாவுக்கு லீவு கிடைக்காமல் நீ மட்டும் பிள்ளைகளோடு வருவதாக இருந்தால், அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதமும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் கட்டாயம், மொசாம்பிக் பக்கம் போனாலும் நாட்டு எல்லையைத் தாண்டுவதுதானே. அதை இந்த வாரமே தயார் செய்துவிடு.

கேபின் எண் வந்ததும் எனக்கு அனுப்பு. எந்த டெக், லிஃப்டுக்குப் பக்கமா, பிள்ளைகள் கிளப்புக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் பார்த்துச் சொல்கிறேன். வரும்போது உன் பெரிய இட்லிப் பானையை மறக்காமல் காரில் போடு, அம்மா கேட்கச் சொன்னார்.

உன்
மீனா