கை கழுவிய பிறகு வந்த பில்

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து நான்கு மாதமாகிவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். கோமதிக்குத்தான் முழங்கால் வலி. இன்று எழுத உட்கார்ந்தது பாசத்தால் அல்ல, ஆத்திரத்தால்.

போன ஞாயிறு பேத்தியின் பிறந்தநாள். பெரிய உணவகம் ஒன்றுக்குப் போனோம். ஐந்து பேர் சாப்பிட்டது 2,400 ரூபாய்க்கு. பில்லில் சேவைக் கட்டணம் 10 சதவீதம் என்று 240. அதையும் கூட்டி, 2,640-க்கு ஐந்து சதவீதம் ஜிஎஸ்டி 132. ஆக 2,772. நான் கேட்காத கட்டணத்துக்கு 12 ரூபாய் வரியும் நானே கட்ட வேண்டுமாம்! முத்தையா அண்ணாச்சி இருந்திருந்தால் அந்தப் பில்லை மடித்துக் காதில் செருகிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார்.

எடுத்துவிடச் சொன்னேன். "மெனு கார்டில் போட்டிருக்கிறோமே" என்றார் மேலாளர். போட்டிருந்தது, கடைசிப் பக்கத்தில், எறும்புக் கால் எழுத்தில். மருமகன் தரையைப் பார்க்கிறார். கோமதி முழங்கையால் இடிக்கிறாள். பேத்தி, "தாத்தா, சண்டையா?" என்கிறாள். கொடுத்துவிட்டேன். பரிமாறிய பெரியவரிடம் மெதுவாக, "அந்தப் பணம் உங்களுக்கு வருமா?" என்று கேட்டேன். கல்லாப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சிரித்தார், அவ்வளவுதான். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை, செல்வராஜ்.

"எல்லாவற்றுக்கும் சட்டமா? பிடிக்காதவன் வேறு கடைக்குப் போகட்டும்" என்பாய். முப்பது வருடமாக இதையேதான் சொல்கிறாய். வேறு கடைக்குப் போக வேண்டுமென்றால் விலை வாசலிலேயே தெரிய வேண்டாமா? கை கழுவிய பிறகு எந்தக் கடைக்குப் போவது? பலகையிலேயே 2,640 என்று போட்டிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். தீப்பெட்டியில்கூட 'அனைத்து வரிகளும் உட்பட' என்று அச்சடிக்கிற நாடு இது.

வேடிக்கை என்னவென்றால், தடை ஏற்கெனவே இருக்கிறது. இந்தக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. உணவகச் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் நின்று, சங்கங்களுக்குத் தலா ஒரு லட்சம் செலவுத் தொகையும் விதித்தது. இணைய வியாபாரத்துக்கும் 2023 நவம்பரில் விதிகள் வந்தன. முதலில் ஒரு விலை காட்டி, பணம் கட்டும் நேரத்தில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது அதில் தடுக்கப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று.

ஆனால் இதையெல்லாம் அமல்படுத்த வேண்டிய அதிகாரி யார்? பேத்தி முன்னால் கூனிக் குறுகி நின்ற நான்! என் கூச்சத்தை நம்பித்தானே அந்தக் கட்டணத்தைப் பில்லில் அச்சடிக்கிறார்கள்? மறுநாள் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். ஆயிரம் பேரில் எத்தனை பேர் செய்வார்கள்? தராசைச் சோதிக்க ஆய்வாளர் வருகிறார் இல்லையா, அதேபோல் பில்லையும் வந்து பார்க்கட்டும் என்கிறேன்.

இனி உன் கடை விஷயத்துக்கு வருகிறேன். பார்சல் டப்பாவுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறாயே, அது பலகையில் எங்கே இருக்கிறது? போன தடவை என்னிடமே வாங்கினாய், மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில் வருகிறோம். அதற்குள் சுண்ணாம்பிலாவது எழுதிவை. 1915 எனக்கு இப்போது மனப்பாடம்.

உன்,
ராமசாமி