பினாங்கில் இறங்கினால் நடந்தே போ

அன்பு மகன் கதிருக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். சிங்கப்பூரிலிருந்து வந்த களைப்பும் தீர்ந்துவிட்டது. டிசம்பரில் நீங்களும் பிள்ளைகளோடு நாங்கள் போய்வந்த அதே சுற்றுலாக் கப்பலில் போகப்போவதாக மருமகள் போனில் சொன்னாள். கப்பலின் வசதிகளையெல்லாம் உன் தங்கை சொல்லியிருப்பாள். நான் எழுத உட்கார்ந்தது பினாங்கைப் பற்றி.

கப்பல் அங்கே ஒரு பகல்தான் நிற்கும். முந்தின நாளே சுற்றுலா பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கச் சொல்லி அறிவிப்பு வந்தபடி இருக்கும். பினாங்கு மலை, கெக் லோக் சி கோயில், பத்து பெரிங்கி கடற்கரை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டிவிடுவதாகச் சொல்வார்கள். நல்ல இடங்கள்தான். மலைக்கு 1923 முதல் ஓடும் இழுவை ரயில் பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் பாதி நேரம் பஸ்ஸிலும் வரிசையிலும் போய்விடும். அந்த டிக்கெட்டை வாங்காதே. ஸ்வெட்டன்ஹாம் துறையை விட்டு வெளியே வந்தால் பழைய ஜார்ஜ்டவுன் கண்ணெதிரிலேயே இருக்கிறது. யுனெஸ்கோ 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த ஊர் அது. நடந்தே போ.

முதலில் கண்ணில் படுவது வெள்ளை மணிக்கூண்டு. விக்டோரியா ராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டு ஆனதற்காக 60 அடி உயரத்தில் எழுப்பியது. பக்கத்திலேயே கார்ன்வாலிஸ் கோட்டை, 1786-இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடம். இரண்டையும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடு. நீ நிதானமாக நடக்கவேண்டியது அதற்கடுத்த தெருவில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பெயரைத் தாங்கிய சாலையில்.

ஒரு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், 1818-இல் கட்டி முடித்தது. தூண்களின் அழகைச் சொல்லி எல்லாரும் படம் எடுக்கிறார்கள். கட்டியவர்கள் நாடுகடத்திக் கொண்டுவரப்பட்ட கைதிகள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல். சில நிமிடம் நடந்தால் சீனர்களின் குவான் யின் கோயில். வாசலிலேயே ஊதுவத்திப் புகை கண்ணைக் கரிக்கும். இன்னும் கொஞ்சம் போனால் குயின் தெருவைப் பார்த்தபடி மகா மாரியம்மன் கோயில், 1833-இலிருந்து இருக்கிறது. அதையும் தாண்டினால் காதர் மொகிதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் 1801-இல் தொடங்கிய அந்தக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். இத்தனையும் அப்பாவின் முழங்கால் வலி தாங்கும் தூரத்துக்குள்!

எனக்கு மனம் நிறைந்தது இவற்றில் எதிலும் இல்லை. சூலியா தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. நம் நாகூர் தர்காவை நினைத்து, 1800-களின் தொடக்கத்தில் அங்கு வாழ வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. சின்னக் கட்டடம். சுவரை ஒட்டியே கடைகள். உள்ளே அடக்கம் எதுவும் கிடையாது. நாகூர் ஆண்டவர் என்று நாம் சொல்லும் மகான் அடங்கியிருப்பது நாகூரில், அங்கே இருப்பது அவருடைய நினைவு மட்டும். நம் பக்கத்தில் கடல் கடக்கிறவர்கள் எந்த மதமானாலும் நாகூரில் வேண்டிக்கொண்டுதானே கிளம்புவார்கள்? வேண்டுதலை நிறைவேற்ற ஊர் திரும்ப முடியாதவர்கள் அங்கேயே ஒரு நாகூரை உண்டாக்கிக்கொண்டார்கள். நாகப்பட்டினத்தில் பிறந்து, பத்து நிமிடத்தில் நாகூருக்குப் போய் வருகிற எனக்கு, அந்த வாசலில் நின்றபோதுதான் அதன் அருமை தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

உன் தாத்தாவின் தம்பி ரஜுலா கப்பலில் ஏறிப் போனவர் என்று கேள்விப்பட்டிருப்பாய். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். அலையில் ஆடும் படகில் போய்த்தான் ஏறவேண்டும். பினாங்கு போய்ச் சேரக் கிட்டத்தட்ட ஒரு வாரம். தளத்திலேயே படுக்கை, தளத்திலேயே சாப்பாடு. 1985-இல், பின்னாளில் அதே வழியில் ஓடிய சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தப் பயணிகள் போக்குவரத்தே நின்றுபோனது. சின்னத் தாத்தா திரும்பவில்லை, கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் கணக்கு எழுதிய கடை பினாங்குத் தெருவில் இருந்தது. அதே தெருவில்தான் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளும் இருந்தன. தைப்பூசத்துக்குக் காரைக்குடியில் செய்து கப்பலேற்றிக் கொண்டுவந்த வெள்ளித் தேர் அங்கிருந்துதான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் புறப்படும். இப்போது அந்தத் தெரு முழுக்கப் புடவைக் கடையும் பூக்கடையும் பலகாரக் கடையும். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நான் பேசியதைக் கேட்டதுமே, "ஊர்லேருந்து வந்தீங்களாம்மா?" என்றாள். நான்கு தலைமுறையாக அங்கே இருப்பவள். அவளுக்கும் நம் நாடு 'ஊர்'தான். அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

மதியம் கப்பலுக்குத் திரும்பிச் சாப்பிடலாம் என்று நினைக்காதே. நாசி கண்டார் சாப்பிடுங்கள். அந்தக் காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் தண்டு போட்டு, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் குழம்புமாகத் துறைமுகத்துக் கூலிகளுக்குச் சுமந்து விற்ற சாப்பாடு. பரிமாறுகிறவர் சோற்றின் மேல் மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, கறிக் குழம்பில் ஒரு கரண்டி என்று சட்டிக்குச் சட்டி தாவி ஊற்றுகிறார். எல்லாம் ஒன்றாகக் கலந்து தட்டின் விளிம்புவரை வந்து நிற்கும். தனித்தனியாக ஊற்றச் சொல்லாதே, அந்தக் கலவையில்தான் ருசி. சின்னவளுக்குக் காரம் தாங்காது, பிறகு செண்டோல் என்கிற ஐஸ் போட்ட இனிப்பு ஒன்று வாங்கிக்கொடு.

கோயிலுக்குக் காலையிலேயே போய்விடு, மதியம் நடை சாத்திவிடுவார்கள். பள்ளிவாசலுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். குடை எடுத்துக்கொள், வெயிலுக்கும் ஆகும் மழைக்கும் ஆகும். நடக்க முடியாவிட்டால் மூன்று சக்கர பெச்சா கிடைக்கும், ஏறும்முன் கட்டணத்தைப் பேசிவிடு. கப்பல் யாருக்காகவும் நிற்காது, ஒரு மணி நேரம் முன்னதாகவே துறைக்கு வந்துவிடுங்கள்.

சின்னத் தாத்தாவின் கடித உறைகள் அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. நாங்கள் தேடியபோது கடை எண்கள் மாறியிருந்ததால் இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முகவரியைப் படம் எடுத்து அனுப்புகிறேன். அங்கே வயதான கடைக்காரர்கள் யாரிடமாவது காட்டிக் கேட்டுப் பார். பெரியவன் தமிழ் படிக்கிறானாமே, முகவரியை அவனையே வாசிக்கச் சொல்.

மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அம்மா