இம்பாலை எடுத்துவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதாகையைப் பார்த்தேன். தாத்தா படம் நன்றாக வந்திருக்கிறது. மூலப்படத்தில் கரையான் அரித்த இடது மூலையை எப்படித்தான் சரிபண்ணினாயோ! தொப்பியின் மடிப்புகூடத் தெரிகிறது. கீழே போட்டிருக்கிற வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை: "இம்பால் போர்முனையில் நேதாஜியின் தளபதியாகக் களம் கண்ட மாவீரர்."

வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும் என்றாய். அதற்குள் இதைப் படித்துவிடு. சித்தப்பாவிடம் கேட்டால் "எல்லாம் உண்மைதான், அச்சடி" என்பார். அவருக்குச் சொன்னது அவ்வளவுதான். குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியட்டும் என்றுதான் உனக்குத் தனியாகப் போடாமல் இங்கே எழுதுகிறேன்.

தாத்தா இம்பாலுக்குப் போனதே இல்லை. பர்மாவுக்கே போகவில்லை. நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தது 1943 ஜூலையில். அந்த வருஷக் கடைசியில் நம் ரப்பர் தோட்டத்துப் பையன்கள் சிலரோடு தாத்தாவும் அவருடைய இந்திய தேசிய இராணுவத்துக்கு, ஐ.என்.ஏ.வுக்கு, பேர் கொடுத்தார், வயசு பத்தொன்பது. இம்பால் சண்டை 1944 மார்ச்சில் தொடங்கி ஜூலையில் முடிந்தது. அந்த மாதங்களில் தாத்தா இங்கே மலாயாவில், முகாமில், மரத்துப்பாக்கியைத் தோளில் வைத்து இடது வலது போட்டுக்கொண்டிருந்தார். இங்கே சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கும் அதே கதைதான். "டில்லி சலோன்னு கத்தி தொண்ட கட்டுனதுதான்டி மிச்சம்," என்று அவரே சிரிப்பார். 1945 ஆகஸ்டில் சப்பான்காரன் சரணடைந்ததும் காக்கிச் சட்டையை மடித்து வைத்துவிட்டு மறுபடி பால்வெட்டும் உளியைப் பிடித்தார். தளபதி கிளபதி எல்லாம் நம் பெரியப்பா ஒரு கல்யாணத்தில் மைக்கைப் பிடித்தபோது சேர்ந்துகொண்டது. நானே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

இது பெரிய பொய் இல்லை, விடு. தாத்தா நிஜமாகவே துப்பாக்கி பிடித்துச் சண்டையில் நின்ற காலம் வேறு. அதை நம் வீட்டில் யாரும் மைக்கில் சொல்ல மாட்டார்கள். கம்னிஸ்டு காலம். நம் சுங்கை சிப்புட்டில் ஆரம்பித்தது.

பள்ளிக்கூடத்தில் உனக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 1948 ஜூன் 16, எல்பில் தோட்டத்தில் வாக்கர் என்ற துரையைக் கம்னிஸ்டுகள் சுட்டார்கள். அதே காலையில் பின் சூன் தோட்டத்தில் இன்னும் இரண்டு வெள்ளைக்காரர்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். பன்னிரண்டு வருஷம், 1960 ஜூலை 31 வரை நீடித்தது. இரண்டாயிரத்து நானூறு பொதுமக்களுக்கு மேல் செத்தார்கள், காட்டில் இருந்து சண்டை போட்ட கம்னிஸ்டுகள் பக்கம் ஆறாயிரத்துக்கும் மேல். அதற்குப் பெயர் போர் இல்லையாம், அவசரகாலமாம். போர் என்று சொல்லிவிட்டால் தோட்டங்களுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்காது என்பதால் அப்படிப் பெயர் வைத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருந்த இரண்டு பேர் எதிரெதிராக நின்றால் நான் அதை உள்நாட்டுப் போர் என்றுதான் சொல்வேன்.

அந்த இன்னொருவர் தாத்தாவின் கூட்டாளி. எங்கள் லயத்தில் மூன்றாவது கதவு. இரண்டு பேரும் ஒரே நாளில் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்தவர்கள். திரும்பி வந்ததும் இரண்டு பேரும் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். துரைக்கு முன்னால் சைக்கிளில் இருந்து இறங்கி நிற்க வேண்டும் என்கிற ஊரில், முகாமில் அணிவகுத்துப் பழகிய பிள்ளைகள் எப்படி இறங்குவார்கள்? சங்கத்தில் சேர்ந்ததற்குத் தாத்தா சொன்ன காரணம் அந்தச் சைக்கிள்தான், வேறு கொள்கை எதுவும் அவர் சொன்னதில்லை.

1948 ஜூனில் சங்கங்களின் கூட்டமைப்பைப் பதிவிலிருந்து தூக்கினார்கள். அதன் தலைவராக இருந்த கணபதியை, நம்மைப் போலத் தமிழர், அவரும் ஐ.என்.ஏ.வில் இருந்தவர், 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். முதல் நாள்தான் இன்னொரு சங்கத் தலைவர் வீரசேனனைச் சுட்டிருந்தார்கள். சங்கத்தில் பேர் இருந்தவனெல்லாம் எந்தப் பக்கம் என்று சொல்லியாக வேண்டிய நேரம். கூட்டாளி அதற்கு முன்பே ஒரு ராத்திரி காட்டுக்குப் போய்விட்டார். தாத்தா போகவில்லை. ஏன் என்று கேட்டேன். "உங்க ஆயாவுக்கு அப்பத்தான் பேசி முடிச்சிருந்தாங்க," என்றார். அவ்வளவுதான், தம்பி. பரிசம் போட்டாகிவிட்டது, அதனால் போகவில்லை.

பிறகு லயத்தைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. ஹோம் கார்டுக்கு, அதாவது ஊர்க்காவல் படைக்கு, ஆள் எடுத்தார்கள். வேலை வாங்குகிற மண்டோர்தான் பேர் எழுதிக் கொடுத்தார், தாத்தாவின் பேர் முதலில். சங்கத்தில் இருந்தவன் துப்பாக்கியைத் தொட்டால்தான் நம்புவோம் என்று அதற்கு அர்த்தம். பகலில் பால்வெட்டு, ராத்திரி மணல் மூட்டைக்குப் பின்னால் வேட்டைத் துப்பாக்கியோடு காவல். தோட்டாவை எண்ணிக் கொடுப்பார்கள், காலையில் எண்ணி வாங்குவார்கள்.

சோற்றுக் கட்டுப்பாடு பற்றி ஆயா சொன்னதுதான் எனக்கு அதிகம் ஞாபகம். காட்டுக்காரர்களுக்கு ஒரு பிடி அரிசி போகக்கூடாது என்று, பிரட்டு, அதாவது காலை ஆள்கணக்கு, முடிந்து வேலைக்காட்டுக்குப் போகிறவர்கள் சோறு கொண்டுபோகத் தடை. கேட்டில் ஒரு பொம்பளை நின்று ஆயாவின் மடியையும் கொண்டையையும் தடவிப் பார்ப்பாள். காலி வாளியைக் கவிழ்த்து அடியைத் தட்டுவார்கள், இரட்டைத் தகரம் வைத்திருக்கிறதா என்று. சைக்கிளில் வருகிறவனின் பம்பைக் கழற்றி உதறுவார்கள், உள்ளே அரிசி இருக்கும் என்று. ஆயா அப்போது பெரியப்பாவை வயிற்றில் வைத்திருந்தாள். வெறும் வயிற்றோடு மர நிரை முழுக்க வெட்டி, பால் எடுத்து, காண்டாக் கம்பில் தூக்கிக்கொண்டு மதியம் திரும்பிய பிறகுதான் சோறு. தாத்தா கடைசிவரை வேலைக்காட்டில் எதுவும் சாப்பிட்டதில்லை, கவனித்தவர்கள் சொல்வார்கள். எல்லாம் முடிந்து முப்பது வருஷம் ஆன பிறகும், தாமான் குடியிருப்பு வீட்டில், மாலை ஏழு அடித்தால் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போடுவார். யாரும் ஊரடங்கு போடவில்லை.

இனி நான் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பகுதி.

1989 டிசம்பர் 2. நீ பிறக்க இன்னும் ஆறு வருஷம். தாய்லாந்து ஹாட்ஜாயில் சமாதான ஒப்பந்தம், கம்னிஸ்டுத் தலைவர் சின் பெங் கையெழுத்துப் போடுவதை ராத்திரிச் செய்தியில் காட்டினார்கள். தாத்தா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "இன்னைக்குத்தான் முடியுதாமா?" என்றார். ஆயா உள்ளே இருந்தாள், மற்றவர்கள் யாரும் இல்லை. அப்போது சொன்னார்.

ஒரு மழை ராத்திரி ஆற்றோர நிரையில் மரங்களைக் கொத்தும் சத்தம் கேட்டிருக்கிறது. ரப்பர் மரத்தின் பட்டையைக் கொத்திச் சிதைத்துவிட்டால் அதில் பால் வெட்ட முடியாது, அதுதான் அவர்கள் துரைக்குக் கொடுத்த அடி. காவலில் மூன்று பேர். இருட்டைப் பார்த்துச் சுட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் கொத்துப்பட்ட மரங்கள்தான் இருந்தன, ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்துப் போலீஸ் லாரி வந்தது. நிலையத்து வாசலில் பிணத்தைக் கிடத்தி ஆள் அடையாளம் காட்டச் சொல்வது அப்போது வழக்கம். தோட்டத்து ஆண்களை வரிசையாக நிறுத்திப் பார்க்கச் சொன்னார்கள்.

முகம் அடையாளம் தெரிகிற நிலையில் இல்லை. தாத்தா காலைப் பார்த்திருக்கிறார். இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. பன்னிரண்டு வயதில் இரண்டு பேரும் லாலான் புல் வெட்டும்போது பாராங் கத்தி பட்டுப் போன விரல். துணியைக் கிழித்துக் கட்டிவிட்டதே தாத்தாதான்.

"யாருன்னு தெரியுமா?" என்று மண்டோர் கேட்டார்.

"தெரியாதுங்க."

வரிசையில் அவருக்குப் பின்னால் வந்த எல்லாரும் அதையே சொன்னார்கள்.

சொல்லியிருந்தால் மூன்றாவது கதவில் இருந்த கூட்டாளியின் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள். காட்டுக்காரன் வீடு என்றால் தடுப்புக்காவல், இல்லாவிட்டால் கப்பலேற்றி நாடு கடத்துவது. அந்தக் கிழவி தோட்டத்திலேயே இருந்தாள். மகன் ஊருக்கு, இந்தியாவுக்கு, ஓடிவிட்டான், ஒருநாள் கடுதாசி போடுவான் என்று சாகிறவரை தோட்டக் கணக்கர் கிராணியின் ஆபீஸ் படிக்கட்டில் தபால் வருகிற நேரத்துக்குப் போய் உட்காருவாளாம். தாத்தா தினமும் அந்தப் படிக்கட்டைத் தாண்டித்தான் பிரட்டுக்குப் போக வேண்டும். அவளைக் காப்பாற்றினாரா, ஏமாற்றினாரா என்று எனக்கு இன்றுவரை தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது போலில்லை.

நான் அப்போது சின்னப்பெண், கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். "அன்னைக்கு நீங்களா தாத்தா சுட்டீங்க?"

"எல்லாரும் சுட்டோம்," என்றார். பாக்குவெட்டியை எடுத்துக்கொண்டார்.

பாக்கியை நீயே பார்த்திருக்கிறாய். தோட்டம் கைமாறியது, ரப்பரை அழித்துச் செம்பனை நட்டார்கள், லயத்தை இடித்தார்கள். சேரவேண்டிய பணத்துக்காக அப்பா எத்தனை தடவை ஆபீஸ் ஏறி இறங்கினார் என்பது தனிக் கதை, அதை எழுதினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும்.

ஆக, பதாகையில் இப்படிப் போடு: "1943-இல் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர். தொழிற்சங்க உறுப்பினர். அவசரகாலத்தில் தோட்டத்து ஹோம் கார்ட். பால்வெட்டுத் தொழிலாளி." மூவர்ணம் இருக்கட்டும், சட்டைக்கு அது பொருத்தம்தான். பெரியப்பா கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல். படத்தை அவரும் சரியாகப் பார்த்ததில்லை. நீ வலப்பக்கம் வெட்டிவிட்டாயே, அங்கே தாத்தாவின் தோளில் ஒரு கை இருக்கிறது, முழங்கைவரை. ஆயா காலத்திலேயே யாரோ கத்தரிக்கோலால் நறுக்கின படம் அது. யார் நறுக்கியது என்று நான் கேட்கவில்லை. அந்தக் கையை வெட்டாமல் போடு.

கூட்டாளியின் பேரை இங்கே எழுத மாட்டேன். அவர் அக்காள் வழிப் பேரப்பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள், உன்னோடு படித்தவர்கள்கூட. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் வியாழக்கிழமை வீட்டுக்கு வா. ஏழு மணிக்குள் வந்துவிடு, அதற்குமேல் கதவைச் சாத்திவிடுவேன்.

அன்புடன்,
அக்கா