நாடாப்புழு ஸ்லைடுகளைக் கழித்துவிடாதீர்கள்: விலங்கியல் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழகக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விலங்கியல் துறைகளுக்குத் தலைமை வகிக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். சுறா, திருக்கை மீன்களின் குடலில் வாழும் நாடாப்புழுக்களை வகைப்படுத்தும் பணியில் இருப்பவள் என்ற முறையில், உங்கள் அலமாரிகளில் உள்ள பழைய ஸ்லைடுகளைக் குறித்து எழுதுகிறேன். கடந்த நூற்றாண்டில் இந்தியக் கரைகளில் பிடிபட்ட மீன்களிலிருந்து ஏராளமான புழுக்களுக்குப் புதிய இனப் பெயர்கள் சூட்டப்பட்டன. அவற்றுள் பலவற்றின் மூலமாதிரிகள், அதாவது பெயர் சூட்ட அடிப்படையாக இருந்த அசல் புழுக்கள், எந்த அருங்காட்சியகத்துக்கும் வந்து சேரவில்லை. கட்டுரை இருக்கிறது, கோட்டுப்படம் இருக்கிறது, புழுவைக் காணோம்.

படம் போதாது. அகாந்தோபோத்ரியம் என்னும் நாடாப்புழுப் பேரினத்தில் இனங்களை ஒப்பிட 2001 முதல் நான்கு அளவுகோல்கள் வழக்கில் உள்ளன: உடல் நீளம் 15 மில்லிமீட்டரைத் தாண்டுகிறதா, உடலின் கண்டங்கள் (துண்டுகள்) 50ஐத் தாண்டுகின்றனவா, ஒரு கண்டத்தில் விரைகள் 80ஐத் தாண்டுகின்றனவா, சூலகத்தின் இரு கைகளும் சம நீளமா. பழைய விவரிப்பில் இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தால், கார்மைன் என்னும் சிவப்புச் சாயமேற்றி, கனடா பால்சம் என்னும் ஒளிபுகும் பிசினில் பதித்த அந்தப் புழுவையே மீண்டும் நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மன்னார் வளைகுடா முத்துச்சிப்பிகளில் கண்ட குடம்பியை (இளநிலைப் புழுவை) முத்துக்குக் காரணமான புழுவாகக் கருதி, 1904இல் ஷிப்லி, ஹார்னெல் என்ற ஆய்வாளர்கள் டெட்ராரிங்கஸ் என்னும் நாடாப்புழுப் பேரினத்தில் சேர்த்தனர். 1912இல் ஜேம்சன் என்ற ஆய்வாளர் அத்தகைய குடம்பிகளை டைலோசெஃபாலம் பேரினத்துக்கு மாற்றினார். பேர்பெற்ற அறிஞர்களின் முடிவையே இப்படி மறுபரிசீலனை செய்ய நேர்ந்ததென்றால், நாம் சூட்டிய பெயர்கள் மட்டும் சோதனைக்கு அப்பாற்பட்டவையா?

மீனின் பெயரும் அதே அளவு முக்கியம். திருக்கைகளின் நாடாப்புழுக்களில் பெரும்பாலானவை ஒரே ஓம்புயிரி இனத்தை, அதாவது புழு குடியிருக்கும் ஒரே மீனினத்தை, சார்ந்து வாழ்பவை. ஆனால் ஹிமாந்துரா உவர்னாக் என்னும் திருக்கைப் பெயர் எழுதப்பட்ட பழைய லேபிள் எந்த மீனைக் குறிக்கிறது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதனுடன் குழப்பிக்கொள்ளப்பட்டு வந்த ஹிமாந்துரா லெபார்டா 2008இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. எனவே இனி சேகரிக்கும் மாணவர்கள் மீனின் ஒளிப்படத்தையும் சிறிது திசுவையும் சேர்த்துவைக்கட்டும். ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைப்பதால், புழுவின் ஒரு பகுதியை 95 விழுக்காடு எத்தனாலில் இட்டு, மீதியை ஸ்லைடாக்கட்டும்.

2000 முதல், புதிய இனத்தின் மூலமாதிரி எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதைக் குறிப்பிடாத பெயரை விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு ஏற்பதில்லை. நம் நாட்டிலும், புதிய இனத்தின் சான்றுமாதிரியை அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்தின் 39ஆம் பிரிவு கூறுகிறது. இந்திய விலங்கியல் அளவைத் துறை அத்தகைய காப்பகமே. பழைய மாதிரிகளையும் அங்கே சேர்ப்பிக்க எந்தத் தடையும் இல்லை, நம் தயக்கத்தைத் தவிர.

ஆண்டுதோறும் நடக்கும் இருப்புச் சரிபார்ப்பைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன். பால்சம் மஞ்சளித்த ஸ்லைடு பழுதடைந்ததாகாது; உள்ளே புழு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே இவ்வாண்டுப் பதிவேட்டில் அவற்றைக் கழிவுப் பட்டியலில் ஏற்றும் முன், துறையில் வெளியான ஆய்வேடுகளோடு லேபிள்களை ஒப்பிட்டு, மூலமாதிரியாக இருக்கக்கூடியவற்றைத் தனியே எடுத்துவையுங்கள். லேபிளைச் சுரண்ட வேண்டாம், பென்சில் குறிப்பு மங்கியிருந்தாலும் அப்படியே ஒளிப்படம் எடுத்துப் பட்டியலோடு காப்பகத்துக்கு அனுப்புங்கள்.

இங்ஙனம்,
நாடாப்புழு வகைப்பாட்டு ஆய்வாளர் ஒருவர்